செல்லுக்குள் மின்துடிப்பால் டிஎன்ஏ செலுத்துவது: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மின்துடிப்பு கொடுக்கும் எலக்ட்ரோபொரேஷன் கருவியின் முன்னால் முதன்முறையாக நிற்கும் எவரும் கேட்கும் கேள்வி, "எத்தனை வோல்ட் வைக்க வேண்டும்?" என்பதுதான். பக்கத்தில் இருப்பவர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஒருவர் 1800 என்பார், இன்னொருவர் 250 என்பார். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குவெட் எனப்படும் சிறு பெட்டியில் இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே இடைவெளி என்ன, உள்ளே எவ்வளவு கரைசல், அதில் எவ்வளவு உப்பு, துடிப்பு எத்தனை மில்லிவினாடி நீடித்தது, மறுநாள் எத்தனை செல்கள் உயிரோடு இருந்தன என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த வோல்ட்டுக்குப் பொருள் உண்டு.

பிப்பெட் பிடிக்கவும், குளிர் சென்ட்ரிஃபியூஜ் ஓட்டவும், கிருமி புகாமல் வேலை செய்யவும் தெரிந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கருவி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் கீழே உள்ளவை பொருந்தும்.

சவ்வில் என்ன நடக்கிறது

செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன அந்த இரட்டை அடுக்கை டிஎன்ஏ போன்ற பெரிய, மின்னூட்டமுள்ள மூலக்கூறு தானாகக் கடக்காது. செல்கள் மிதக்கும் கரைசலில் இரு மின்வாய்களுக்கு இடையே மின்புலத்தை ஏற்படுத்தினால், சவ்வின் இரு பக்கங்களிலும் மின்னூட்டம் சேர்ந்து, சவ்வுக்குக் குறுக்கே மின்னழுத்தம் ஏறுகிறது. செல்லைப் பொறுத்து 0.2 முதல் 1 வோல்ட் வரையிலான ஓர் எல்லையை அது தாண்டும்போது கொழுப்பு அடுக்கு கலைந்து, நீர் உள்ளே புகுந்து, நானோமீட்டர் அளவில் துளைகள் உண்டாகின்றன. ஒரு வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 5 நானோமீட்டர் தடிமனுக்கு 1 வோல்ட் என்பது, சென்டிமீட்டர் கணக்கில் பார்த்தால் 20 லட்சம் வோல்ட்.

வெளியே நாம் கொடுக்கும் மின்புலத்தால் சவ்வில் எவ்வளவு ஏறும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மின்புலத்தைச் செல்லின் ஆரத்தால் பெருக்கி, 1.5-ஆல் மறுபடியும் பெருக்க வேண்டும். மின்வாய்களை நேராகப் பார்க்கும் இரு முனைகளில் கிடைக்கும் உச்ச மதிப்பு அது. பக்கவாட்டில் குறைந்துகொண்டே போய் நடுவில் பூஜ்யமாகிவிடும். ஷ்வான் சமன்பாடு என்று புத்தகங்களில் இருப்பது இதுதான்.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 7 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள மனித செல்லுக்கு, சென்டிமீட்டருக்கு 800 வோல்ட் மின்புலம் கொடுத்தால் சவ்வில் 0.84 வோல்ட் ஏறும். அதே மின்புலத்தை அரை மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஈ.கோலைக்குக் கொடுத்தால் 0.06 வோல்ட்தான், பாக்டீரியா கண்டுகொள்ளாது. அதைத் துளைக்க சென்டிமீட்டருக்கு 18,000 வோல்ட் வரை போக வேண்டியிருக்கிறது. சிறிய செல்லுக்குப் பெரிய மின்புலம், பெரிய செல்லுக்குச் சிறிய மின்புலம் என்ற விதி இங்கிருந்து வருகிறது. பாக்டீரியாவுக்கான அமைப்பிலேயே மறந்துபோய் மனித செல்களுக்கும் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

குறிப்பேட்டில் எப்போதும் வோல்ட்டை மட்டும் எழுதாதீர்கள். குவெட்டின் இடைவெளியால் வகுத்து, சென்டிமீட்டருக்கு எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். 0.1 செ.மீ. குவெட்டில் 1800 வோல்ட்டும் 0.4 செ.மீ. குவெட்டில் 1800 வோல்ட்டும் ஒன்றல்ல. முதலாவது 18,000, இரண்டாவது 4500.

இந்த முறையில் மரபணுவைச் செலுத்திக் காட்டியவர்கள் எபர்ஹார்ட் நொய்மானும் சகாக்களும். 1982-ல், தைமிடின் கைனேஸ் மரபணு இல்லாத சுண்டெலி செல்களுக்குள் அந்த மரபணுவைச் செலுத்தினார்கள். அவர்கள் கொடுத்தது, சென்டிமீட்டருக்கு 8000 வோல்ட்டில் தலா 5 மைக்ரோவினாடி நீளமுள்ள மூன்று துடிப்புகள். மேலே சொன்ன 800 வோல்ட்டோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு. முரண்பாடு இல்லை. துடிப்பு குறுகினால் மின்புலம் பெரிதாக இருக்க வேண்டும். நீண்டால் சிறிதே போதும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கூடாது.

பாக்டீரியாவில் கை பழக்குங்கள்

உங்கள் திட்டம் மனித செல்களைப் பற்றியதாக இருந்தாலும், முதல் சில வாரங்கள் ஈ.கோலையில் பழகுவது நல்லது. செலவு குறைவு, மறுநாள் காலையிலேயே விடை கிடைத்துவிடும், தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று எளிதில் கண்டுபிடிக்கலாம். 1988-ல் டவரும் சகாக்களும் ஈ.கோலையில் ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு 100 கோடி முதல் 1000 கோடி வரை காலனிகள் கிடைப்பதைக் காட்டினார்கள். கால்சியம் குளோரைடும் சூடும் கொடுக்கும் பழைய முறையில் இந்த எண்ணிக்கை வராது.

செல்களைத் தயாரிப்பதுதான் இதில் பெரிய வேலை. முந்தைய இரவு வளர்த்த கல்ச்சரிலிருந்து நூறில் ஒரு பங்கைப் புதிய ஊடகத்தில் சேர்த்து, 37 டிகிரியில் நன்றாகக் குலுக்கி வளருங்கள். 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.5 முதல் 0.6 வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டும், நிறைய செல் கிடைக்குமே என்ற ஆசை வேண்டாம். வளர்ச்சி வேகம் குறைந்த செல்கள் எண்ணிக்கையில் அதிகமிருந்தாலும் டிஎன்ஏவை ஏற்பதில் பின்தங்கிவிடும்.

குடுவையை ஐஸில் இருபது முப்பது நிமிடம் வைத்துக் குளிர்வித்த பிறகு எதுவும் மீண்டும் சூடாகக் கூடாது. சென்ட்ரிஃபியூஜ், ரோட்டர், குழாய்கள், பிப்பெட் முனைகள், கழுவும் நீர் எல்லாமே முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு செல்களைப் படியவைத்து, குளிர்ந்த 10 சதவீத கிளிசராலில் கரைத்து, மறுபடி படியவைக்க வேண்டும். முதல் முறை கல்ச்சரின் அதே அளவு, இரண்டாம் முறை பாதி, மூன்றாம் முறை ஐம்பதில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டே போகலாம்.

கழுவக் கழுவ அடியில் இருக்கும் படிவு இளகிக்கொண்டே வரும். உப்பு குறையும்போது செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகுவதால் இது நேர்கிறது. முதல் முறை குழாயைச் சாய்த்து ஊற்றினால் படிவு அசையாமல் நிற்கும். மூன்றாம் முறை அதே நம்பிக்கையில் சாய்த்தால், வெண்மையான ஒரு நாக்கு போலப் படிவு மெல்ல நழுவி, மேல்நீரோடு கழிவுக் கிண்ணத்துக்குள் போய்விடும். இரண்டாம் கழுவலிலிருந்தே ஊற்றுவதை நிறுத்திவிட்டு, படிவுக்கு எதிர்ப்பக்கம் பிப்பெட்டை வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். கொஞ்சம் நீர் மிஞ்சினால் பரவாயில்லை.

கடைசியில் மூலக் கல்ச்சரின் ஐந்நூறில் ஒரு பங்கு அளவு கிளிசராலில் கரைத்தால், தயிர் மாதிரிக் கெட்டியான கலவை கிடைக்கும். 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம்.

துடிப்பு கொடுக்கும் நாளில் செல்களை ஐஸ் மேல் உருக விடுங்கள். 1 அல்லது 2 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ சேர்த்து, ஒரு நிமிடம் ஐஸில் வைத்து, குளிர்ந்த 0.1 செ.மீ. குவெட்டின் அடியில் விடுங்கள். மேசையில் லேசாகத் தட்டினால் கலவை இரு உலோகத் தகடுகளுக்கும் நடுவே ஒரே மட்டமாக இறங்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸிலிருந்து எடுத்த குவெட்டின் வெளிப்புறத்தில் நீர் பூத்திருக்கும். அதை ஒட்டத் துடைத்த பிறகே கருவிக்குள் வைக்க வேண்டும்.

பொதுவான அமைப்பு: 1800 வோல்ட், 25 மைக்ரோஃபாரட், 200 ஓம். 0.2 செ.மீ. குவெட்டானால் 2500 வோல்ட். பொத்தானை அழுத்தியதும் கருவி நேர மாறிலி என்று ஓர் எண்ணைக் காட்டும். அதைப் பிறகு பார்ப்போம். கை இப்போது எஸ்ஓசி என்ற சத்தான வளர்ப்பு ஊடகத்தை நோக்கிப் போக வேண்டும். 1 மில்லிலிட்டர் ஊடகத்தை அந்த நொடியே சேர்த்துவிடுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தால் கிடைக்கும் காலனிகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடலாம். அதனால் பிப்பெட்டில் ஊடகத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே பொத்தானைத் தொடுங்கள். பிறகு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கி, நுண்ணுயிர்க்கொல்லி சேர்த்த தட்டில் பரப்புங்கள்.

திறனைக் கணக்கிடப் பழகிக்கொள்ளுங்கள். தெரிந்த ஒரு சிறிய பிளாஸ்மிட் (வளைய வடிவ டிஎன்ஏ), உதாரணமாக பியூசி19, 10 பிக்கோகிராம் போட்டு, 1 மில்லிலிட்டரில் வளர்த்து, பத்து மடங்கு நீர்த்து, அதில் 100 மைக்ரோலிட்டரைப் பரப்பினால் 100 காலனிகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 காலனிகள், 10 பிக்கோகிராமுக்கு. ஒரு மைக்ரோகிராமுக்கு 100 கோடி. ஒவ்வொரு முறை செல் தயாரிக்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்து, தேதியோடு டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிட்டால், பின்னால் ஒரு சோதனை தோற்கும்போது பழி செல்லின் மேலா, உங்கள் டிஎன்ஏவின் மேலா என்ற விவாதமே எழாது.

உப்பு, டப்பென்ற சத்தம், நேர மாறிலி

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இந்தக் கருவிக்கு முன்னால் உப்பிட்டவரை நினைக்கும் விதமே வேறு.

குவெட்டுக்குள் உப்பு இருந்தால் கரைசலின் மின்தடை சரிந்து, மின்னோட்டம் திடீரென ஏறும். ஒரு கட்டத்தில் தகடுகளுக்கு இடையே பொறி பாயும். பளிச்சென்று ஒரு வெளிச்சம், டப்பென்று ஒரு சத்தம், குவெட்டின் மூடி சில சமயம் எகிறிக்கூடப் போகும். ஒரு நாள் முழுக்கக் கழுவித் தயாரித்த செல், ஒரு வாரம் பாடுபட்டு ஒட்டிய டிஎன்ஏ. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

பெரும்பாலும் குற்றவாளி, டிஎன்ஏவை ஒட்டிய என்சைம் கலவை. அதில் உப்பும் மக்னீசியமும் தாராளமாக இருக்கும். 65 டிகிரியில் சூடாக்கி என்சைமைச் செயலிழக்கச் செய்த பிறகு, எத்தனாலில் வீழ்படிவாக்கியோ சிறு தூய்மைப்படுத்தும் குழாய் வழியாகச் செலுத்தியோ நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. ஒரு தட்டில் தூய நீரை ஊற்றி, 0.025 மைக்ரோமீட்டர் வடிசவ்வை அதன் மேல் மிதக்கவிட்டு, டிஎன்ஏ துளியை அதன் நடுவில் வைத்து அரை மணி நேரம் விட்டால் உப்பு கீழே இறங்கிவிடும். அதற்கெல்லாம் நேரமில்லை என்றால் கலவையை ஐந்து பத்து மடங்கு நீர்த்து 1 மைக்ரோலிட்டர் மட்டும் போடுங்கள். கூடுதல் டிஎன்ஏ போட்டால் கூடுதல் காலனி கிடைக்கும் என்று எண்ணி 5 மைக்ரோலிட்டர் போடுவதுதான் பொறி பாய்வதற்கான நேர்வழி.

குமிழி, ஈரமான வெளிப்புறம், சரியாகக் கழுவாத செல், விரிசல் விட்ட பழைய குவெட் ஆகியவை அடுத்தடுத்த காரணங்கள். குவெட்டைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் வழக்கம் பணம் குறைவான ஆய்வகங்களில் இருக்கிறது. பயிற்சிக்கும், பழக்கமான பிளாஸ்மிட்டுக்கும் அது போதும். மரபணு நூலகம் தயாரிக்கும்போதும், மனித செல்களிலும் புதியதையே எடுங்கள். அலுமினியத் தகடு ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் அரிக்கப்படுகிறது; முந்தைய பிளாஸ்மிட்டின் சுவடு கழுவிய பிறகும் தங்கியிருக்கலாம்.

இப்போது நேர மாறிலிக்கு வருவோம். மின்தேக்கியில் சேர்ந்த மின்னழுத்தம், துடிப்பு தொடங்கியதும் படிப்படியாக வடிகிறது. உச்சத்திலிருந்து ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம் இது. மின்தேக்குத்திறனை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும். 25 மைக்ரோஃபாரடும் 200 ஓமும் என்றால் 5 மில்லிவினாடி. திரையில் 4.8 என்றோ 5.0 என்றோ வந்தால் கலவையில் உப்பு இல்லை, மின்சாரம் பெரும்பாலும் கருவியின் 200 ஓம் வழியாகவே வடிந்திருக்கிறது. 4-க்குக் கீழே இறங்கினால் உப்பைத் தேடுங்கள். 2.5 என்று வந்தால், உங்கள் கலவையின் மின்தடையும் 200 ஓமுக்கு இறங்கிவிட்டது, பாதி மின்னோட்டம் செல்கள் வழியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். பொறி பாயவில்லை என்றாலும் அந்தத் தட்டில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். திரை அணைவதற்குள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், மறுநாள் வெறும் தட்டைப் பார்த்துத் தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. மூடி திறந்திருக்கும்போது துடிப்பு போகாதபடி கருவியில் ஒரு பூட்டு இருக்கும். அது பழுதானால் கருவியை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள், கம்பியைச் சுற்றிச் சமாளிக்காதீர்கள். மறுசேர்க்கை டிஎன்ஏ வேலைக்கு உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்பதைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மனித, விலங்கு செல்களுக்குப் போகும்போது

இங்கே எல்லாம் தலைகீழ். பாக்டீரியாவுக்கு உப்பு ஆகாது. விலங்கு செல்லை வெறும் நீரில் போட்டால் ஊதி வெடித்துவிடும். ஆகவே உப்புள்ள பஃபரில்தான் துடிப்பு கொடுக்கிறோம். மின்தடை சில பத்து ஓம்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் மின்னழுத்தத்தைக் குறைத்து, மின்தேக்கியைப் பெரிதாக்கி, துடிப்பை நீட்டுகிறோம். ஜுர்காட் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித டி செல்) போன்ற செல் வகைக்கு 0.4 செ.மீ. குவெட், 250 வோல்ட், 950 மைக்ரோஃபாரட் என்பது தொடங்குவதற்கு ஏற்ற இடம். சென்டிமீட்டருக்கு 625 வோல்ட்.

இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது கரைசலின் அளவு. சாதாரண பாஸ்பேட் உப்பு பஃபரை 0.4 செ.மீ. குவெட்டில் 0.8 மில்லிலிட்டர் விட்டால், கணக்குப்படி மின்தடை சுமார் 13 ஓம், நேர மாறிலி 12 மில்லிவினாடி. பாதி அளவு விட்டால் தகடுகளைத் தொடும் பரப்பு பாதியாகி, மின்தடை இரட்டிப்பாகி, துடிப்பு சுமார் 25 மில்லிவினாடி நீளும். அது மட்டுமல்ல. மின்தேக்கியில் இருக்கும் 30 ஜூல் ஆற்றல் முழுவதும் 0.4 மில்லிலிட்டருக்குள் இறங்கினால் வெப்பநிலை 18 டிகிரி வரை உயரக்கூடும், 0.8 மில்லிலிட்டரில் 9 டிகிரிதான். செல்லை மிச்சப்படுத்துவதற்காகப் பாதி அளவில் சோதனை செய்கிறேன் என்பவர், தனக்குத் தெரியாமலே வேறொரு சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார். அளவைத் தீர்மானித்துவிட்டால் கடைசி வரை மாற்றாதீர்கள்.

செல்கள் நல்ல வளர்ச்சியில் இருக்க வேண்டும். முந்தைய நாள் புதிய ஊடகத்துக்கு மாற்றி, துடிப்பு கொடுக்கும் நாளில் உயிருள்ளவை 95 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தட்டில் ஒட்டி வளரும் செல்களை டிரிப்சினால் பிரித்தெடுக்கும்போது கட்டிகளாக விடாதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் கொத்து, மின்புலத்துக்கு ஒரே பெரிய செல் மாதிரி நடந்துகொள்ளும். கழுவி, எண்ணி, மில்லிலிட்டருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி செல்கள் என்ற கணக்கில் பஃபரில் கரைத்துக்கொள்ளுங்கள்.

பஃபரில் கால்சியம் வேண்டாம். துளைகள் வழியாகக் கால்சியம் வெள்ளமாய் உள்ளே போனால் செல் செத்துவிடும். இது வெறும் எச்சரிக்கை அல்ல. புற்றுநோய்க் கட்டிக்குள் கால்சியத்தைச் செலுத்தித் துடிப்பு கொடுத்துக் கட்டியைக் கொல்லும் ஒரு சிகிச்சையையே டென்மார்க்கில் இதை வைத்து உருவாக்கி ஆராய்ந்துவருகிறார்கள். அதேபோல், துடிப்புக்குப் பின் செல்களை மாற்றும் ஊடகத்திலும் முதல் நாள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சேர்க்காதீர்கள். சவ்வு திறந்திருக்கும்போது சாதாரண நாளில் உள்ளே போகாத மருந்தும் போகும்.

டிஎன்ஏ நீரில் கரைந்து, மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் குறையாமல், எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சு நீக்கியதாக இருக்க வேண்டும். மொத்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டிஎன்ஏ கரைசல் சேர்க்க வேண்டாம். துடிப்புக்கு முன்பே சேர்த்தாக வேண்டும் என்பது இங்கே மிக முக்கியம். சிறிய மருந்து மூலக்கூறு, துடிப்பு முடிந்து சில நிமிடங்கள் கழித்துச் சேர்த்தாலும், இன்னும் மூடாத சவ்வு வழியே ஊடுருவும். டிஎன்ஏ அப்படிப் போகாது. பிரான்சின் துலூஸ் நகரத்தில் கோல்ஸியோ, தெய்ஸியே, ரோல்ஸ் ஆகியோர் 2002-ல் இதை நுண்ணோக்கியில் நேரடியாகப் படம்பிடித்தார்கள். எதிர் மின்னூட்டமுள்ள டிஎன்ஏவை மின்புலம் இழுத்துப்போய், எதிர்மின்வாயைப் பார்த்திருக்கும் சவ்வுப் பக்கத்தில் திட்டுத்திட்டாகப் பதிக்கிறது. செல்லுக்குள் போவது அதற்குப் பிறகு, ஆற அமர. அந்தத் தள்ளுதலுக்கு மின்புலம் வேண்டும். துடிப்பு முடிந்த பிறகு டிஎன்ஏ சேர்ப்பது திருவிழா முடிந்து தேர் இழுக்கப் போவது போல.

துடிப்பு முடிந்ததும் குவெட்டை ஐந்து பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். மேலே வெண்மையான நுரையும், நூல் போல இழையும் சளியும் மிதக்கும். இறந்த செல்களும் அவற்றிலிருந்து கொட்டிய டிஎன்ஏவும் அவை. மெல்லிய பிளாஸ்டிக் பிப்பெட்டை அவற்றுக்குக் கீழே இறக்கி, நல்ல செல்களை மட்டும் எடுத்து, 37 டிகிரியில் காத்திருக்கும் ஊடகத்தில் சேருங்கள். அழுத்தி ஊதிக் கலக்காதீர்கள். வெப்பம் சவ்வு மூடுவதை விரைவுபடுத்தும். ஐஸில் வைத்தால் துளைகள் நெடுநேரம் திறந்தே கிடக்கும்.

எந்தத் துடிப்பு

இதுவரை சொன்னது வடிந்து குறையும் துடிப்பு. புதிய கருவிகள் சதுரத் துடிப்பும் தரும்: குறிப்பிட்ட மின்னழுத்தம், குறிப்பிட்ட நேரம், சட்டென்று பூஜ்யம். மின்புலம், நீளம், எண்ணிக்கை, இடைவெளி என்று நான்கையும் தனித்தனியே மாற்றலாம் என்பதால், விலங்கு செல்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். வடியும் துடிப்பில் உப்பு கொஞ்சம் மாறினாலும் நீளம் மாறிவிடும்.

எதைச் செலுத்துகிறீர்கள் என்பதைப் பார்த்து நீளத்தைத் தீர்மானியுங்கள். கட்டிக்குள் ப்ளியோமைசின் மருந்தைச் செலுத்தும் சிகிச்சைக்கு 2006-ல் ஐரோப்பாவில் வகுத்த நடைமுறையில், தலா 100 மைக்ரோவினாடியில் எட்டு துடிப்புகள். தட்டு மின்வாய்களுக்கு சென்டிமீட்டருக்கு 1300 வோல்ட். சிறிய மருந்துக்கு அது போதும். பிளாஸ்மிட்டுக்குப் பெரும்பாலும் மில்லிவினாடிக் கணக்கில் நீண்ட துடிப்பு தேவைப்படுகிறது. சுண்டெலியின் தசையில் செய்த ஆய்வுகள் இதை அழகாகப் பிரித்துக் காட்டின: சென்டிமீட்டருக்கு 800 வோல்ட்டில் 100 மைக்ரோவினாடி சவ்வைத் திறக்கிறது, தொடர்ந்து 80 வோல்ட்டில் 100 மில்லிவினாடி டிஎன்ஏவைத் தள்ளுகிறது. இரண்டாவது துடிப்பு தனியாகச் சவ்வைத் திறக்காது.

துடிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் செல் மீளாது. அதையே நோக்கமாகக் கொண்ட சிகிச்சைகளும் இருக்கின்றன. கட்டிகளை அழிக்கவும், இதயத் துடிப்புக் கோளாறில் திசுவைச் செயலிழக்கச் செய்யவும் இன்று பயன்படுத்துகிறார்கள். ஆய்வகத்தில் நமக்கு வேண்டியது மீண்டு வரும் செல்.

சரியான புள்ளியைத் தேடுவது

மின்தேக்கியையும் அளவையும் மாற்றாமல், 200 வோல்ட்டிலிருந்து 25 வோல்ட் இடைவெளியில் 350 வரை ஏற்றிப் பாருங்கள். பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்துக்கான பிளாஸ்மிட்டைப் போட்டு, 24 மணி நேரம் கழித்து இரண்டு விஷயங்களை அளக்க வேண்டும்: எத்தனை பிழைத்தன, பிழைத்தவற்றில் எத்தனை ஒளிர்கின்றன.

இரண்டாவதை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒரு குழாயில் 80 சதவீதம் ஒளிர்கிறது, ஆனால் போட்டதில் 10 சதவீதம்தான் பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் 50 சதவீதம் ஒளிர்கிறது, 60 சதவீதம் பிழைத்தது. முதலாவதில் நூறு செல்லுக்கு 8 கிடைத்தன, இரண்டாவதில் 30. நுண்ணோக்கியில் முதல் தட்டுதான் பிரமாதமாகத் தெரியும். கூட்ட அறையில் காட்டுகிற படமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

பிழைத்தவற்றை எண்ணுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. துடிப்பு கொடுத்த உடனே, சவ்வு சிதைந்த செல்லுக்குள் மட்டும் புகும் டிரைபான் நீலச் சாயத்தைச் சேர்த்தால், திறந்திருக்கும் நல்ல செல்லும் நீலமாகி, செத்ததாகக் கணக்கில் சேரும். மறுநாள் பார்த்தால் செத்தவை கரைந்தே போயிருக்கும். மிஞ்சியவற்றில் 95 சதவீதம் உயிரோடு இருப்பதாகக் காட்டும். இரண்டும் பொய். 24 மணி நேரத்தில் உயிருள்ள செல்களின் மொத்த எண்ணிக்கையை, துடிப்பு கொடுக்காமல் மற்றெல்லாம் செய்த குழாயோடு ஒப்பிடுங்கள்.

சவ்வு திறந்ததா என்பதே சந்தேகமாக இருந்தால், மூடிய சவ்வைக் கடக்காத ப்ரொபிடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயம் உதவும். சாயத்தை முன்பே சேர்த்துத் துடிப்பு கொடுத்த குழாயில் சிவப்பாவது திறந்த செல்கள் எல்லாம். துடிப்பு கொடுத்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு, பிறகு சாயம் சேர்த்த குழாயில் சிவப்பாவது மூடாமல் போனவை. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் திறந்து மூடியவை.

ஒவ்வொரு முறையும் கூடவே மூன்று குழாய்கள் இருக்கட்டும்: டிஎன்ஏ உண்டு, துடிப்பு இல்லை; துடிப்பு உண்டு, டிஎன்ஏ இல்லை; இரண்டும் இல்லை. நடுக்குழாயைச் சேமிக்கலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். செல்கள் சாகும்போது யாரைக் கேட்பது என்று சொல்லும் குழாய் அதுதான். துடிப்பு மட்டும் வாங்கிய செல்களும் செத்திருந்தால் மின்புலத்தைக் குறையுங்கள், அல்லது நீளத்தைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அவை நன்றாக இருந்து, டிஎன்ஏவும் சேர்ந்த குழாய் மட்டும் செத்திருந்தால் மின்சாரத்தைத் தொடாதீர்கள். பிரச்சினை டிஎன்ஏவில் இருக்கிறது. முதலில் எண்டோடாக்சினைச் சோதித்து, அளவைப் பாதியாக்கிப் பாருங்கள்.

ரத்தத்திலிருந்து நேரடியாக எடுத்த டி செல்கள் போன்றவற்றில் அதுவும் கைகொடுக்காமல் போகலாம். செல்லின் திரவப் பகுதியில் அன்னிய டிஎன்ஏ தென்பட்டால் அதை வைரஸ் தாக்குதலாக எடுத்துக்கொள்ளும் உணரிகள் அவற்றில் உண்டு. அங்கே பிளாஸ்மிட்டை விட்டுவிட்டு, எம்ஆர்என்ஏவுக்கு மாறுங்கள். மரபணுத் திருத்தம் என்றால் டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 புரதத்தையும், வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் முன்கூட்டியே சேர்த்துக் கூட்டாகவே செலுத்துங்கள். 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த, அரிவாள் செல் நோய்க்கான கேஸ்ஜெவி சிகிச்சையிலும் நோயாளியின் ரத்தத் தண்டு செல்களுக்குள் எலக்ட்ரோபொரேஷன் மூலம் செலுத்துவது இந்தக் கூட்டைத்தான். பிளாஸ்மிட்டுக்குக் கண்டுபிடித்த மின்புலத்தை இதற்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 200 வோல்ட்டிலிருந்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இன்னும் மென்மையான துடிப்பே போதுமானதாக இருக்கும்.